குறை சொல்லச் சொன்னவர்

"நல்லா இருக்கு அண்ணே" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கையிலிருக்கும் ஸ்பேனரைத் தரையில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"நல்லா இருக்குன்னு சொல்லத்தான் வீட்டுல பொண்டாட்டி இருக்காளே. நீ எதுக்கு லா? எங்க நல்லால்ல, அதச் சொல்லு."

வண்டியை எடுக்க வந்தவன் திருதிருவென்று முழிப்பான். அவர் விடமாட்டார். மண்தரையில் அட்டையை விரித்து அவனை வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்வார். தானும் பக்கத்தில் படுத்துக்கொள்வார். வெல்டு வைத்த ஒவ்வொரு இடத்திலும் அவன் கையைப் பிடித்து வைப்பார். "தடவிப் பாரு. கண்ணால பாக்காத. பெயிண்ட் அடிச்சா எல்லாம் அழகாத்தான் தெரியும்." வந்தவன் சட்டை அழுக்காகிறதே என்ற கவலையில் தடவியும் தடவாமலும் "ஓகே அண்ணே, ஓகே" என்று சொல்லிவிட்டு வெளியே உருண்டு வருவான். அவர் முகம் தொங்கிப்போகும். பரீட்சைத் தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்த மாதிரி இருக்கும் அவருக்கு.

அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரைப் பற்றி இப்போது எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். கேட்டால் அவருக்குப் பிடித்திருக்காது.

பட்டறை ஜெலுத்தோங்கில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. வீட்டின் பக்கவாட்டில் தகரக்கூரை இறக்கி, அதன் கீழே இரண்டு வண்டி நிற்கிற அளவு இடம். தண்ணீர் வற்றும் நேரத்தில் ஆற்று நாற்றம் உள்ளே வரும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற சாதாரண பிக்கப்பை நான்கு சக்கரமும் இழுக்கிற பிக்கப்பாக மாற்றிக் கொடுப்பதுதான் அவருடைய பெரிய வேலை. எங்கள் தீவின் பின்பக்கம், பாலிக் புலாவ் மலைகளில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. மழை பெய்தால் செம்மண் சரிவில் சாதாரண பிக்கப் பின்பக்கமாகவே கீழே வரும். கம்பெனியிலிருந்தே நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி வருகிற வண்டியை வாங்க எங்களைப் போன்றவர்களால் ஆகாது.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி அனுப்பப்படும் பழைய வண்டிகளை ஹாஃப்கட் என்போம். அதிலிருந்து முன் அச்சு, கியர்பெட்டி, முன்சக்கரத்துக்கு ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி எல்லாவற்றையும் கழற்றி எடுப்பார். அவற்றை நம் வண்டியில் பூட்ட வேண்டும். ஒன்றும் பொருந்தாது. பொருத்துகிற சாமான் கடையிலும் கிடைக்காது. ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கி, கியர்பெட்டியைச் சுமக்கும் குறுக்குச் சட்டம், எல்லாம் அவரே தகடு வெட்டிச் செய்ய வேண்டும். முதலில் பிஸ்கட் பெட்டி அட்டையில் வெட்டி வைத்துப் பார்ப்பார். சரியாக வரும்வரை அட்டையை வெட்டுவார். பிறகுதான் இரும்பைத் தொடுவார். என்ஜினுக்குக் கீழே இருக்கும் எண்ணெய்த் தொட்டி முன் அச்சில் இடிக்கும் என்று அதையும் அறுத்து, குழி விட்டு, மறுபடி ஒட்டவைப்பார்.

இது சட்டப்படி பேப்பர் இல்லாத வேலை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்ட வேண்டும் என்று ஒவ்வொருவனிடமும் சொல்லித்தான் கொடுப்பார். எங்களில் பாதிப் பேர் ரோட்டிலும் ஓட்டினோம். அதை மறைக்கப் போவதில்லை.

நான் அவரிடம் போனதும் ஒரு வண்டிக்காரனாகத்தான். துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலையிலிருந்து என்னை வெளியே தள்ளியது என் வாய். மேலே இருப்பவன் மடத்தனமாக ஏதாவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடியாது. வேலை போனபிறகு ஒரு பழைய பிக்கப்பை வாங்கி, தோட்டங்களுக்கு உரம் ஏற்றிப் போவதும் பழம் இறக்கி வருவதுமாகப் பிழைப்பை மாற்றிக்கொண்டேன். முதல் மழைக்காலத்திலேயே சரிவில் மாட்டிக்கொண்டு, அரை டன் உரத்தை முதுகில் சுமந்து ஏற்றினேன். மறுநாள் அவர் பட்டறையில் வண்டியை விட்டேன்.

மூன்று வாரம் என்றார். ஏழு வாரம் ஆனது. எடுக்கப் போன அன்று எனக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல அட்டையை விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். படுத்தேன். தடவினேன். வலது பக்கத்து ஸ்பிரிங் தாங்கி இடது பக்கத்தைவிட ஒரு நகத்தளவு கீழே இறங்கியிருந்தது.

"என்னா லா இது? ஒரு பக்கம் எறங்கி நிக்குது. இதுக்கா ஏழு வாரம்? இத ஒட்டவச்சதுக்கு நீங்க கயித்தால கட்டி விட்டிருக்கலாம்" என்று கத்தினேன்.

அடியில் என் பக்கத்தில் படுத்திருந்தவர் தானும் கையை நீட்டித் தடவினார். மறுபடி தடவினார். பிறகு வெளியே உருண்டு எழுந்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏய், இங்க வா! நம்ம பட்டறைக்கு ஒரு மனுசன் வந்திருக்கான்!"

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, கையில் கரண்டியோடு ஓடி வந்தார். ஏதோ விபத்து என்று நினைத்துவிட்டார். இவர் என்னைக் காட்டி, "இத்தன வருசத்துல இவன் ஒருத்தன்தான் லா சொல்லியிருக்கான்" என்று சிரித்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரைண்டரை எடுத்துத் தாங்கியை அறுத்துக் கீழே தள்ளினார். மேலும் இரண்டு நாள் காத்திருந்தேன். திட்டுவதற்கு வந்தவன் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

அன்றிலிருந்து நான் அவருக்கு இன்ஸ்பெக்டர். எந்த வண்டி முடிந்தாலும் எனக்குப் போன் வரும். "இன்ஸ்பெக்டர், வேலை இருக்கு, வா." நான் தடவிப் பார்த்துக் குறை சொல்லாமல் எந்த வண்டியும் வெளியே போகாது. மணல் அளவு குறையைக்கூட விடமாட்டேன். அவர் அறுப்பார், மறுபடி வைப்பார். ஊரில் யாருக்கும் பிடிக்காத என் வாய்க்கு அந்தச் சந்தில் மட்டும் மரியாதை இருந்தது. எட்டு வருஷம் அப்படிப் போனது.

தனக்கு வேண்டியது மற்றவர்களுக்கும் வேண்டும் என்று நினைத்தார். அதுதான் சிக்கல். வெள்ளிக்கிழமைகளில் சூலியா தெருவில் ஒரு பாய் கடைக்குச் சாப்பிடப் போவோம். கூட்டம் வரிசையில் நிற்கும். இவர் தட்டை எடுத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போவார்.

"பாய், இன்னிக்கு மீன் கறியில புளி தூக்கல்."

"எல்லாரும் நல்லா இருக்குன்றாங்களே அண்ணே."

"அவனுங்க பசியில சொல்றானுங்க."

"அப்ப நாளைலேர்ந்து நீங்க பசியோட வாங்க" என்பார் பாய். வரிசையே சிரிக்கும். இவருக்கு மட்டும் சிரிப்பு வராது. நல்லதைத்தானே சொன்னேன், ஏன் கோபிக்கிறான் என்று திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார்.

சாப்பிட்டதும் தே தாரிக், சீனி தூக்கலாக, இரண்டு கோப்பை. இருபது வருஷமாக இனிப்புநீர் வியாதி. "அண்ணே, இது வெசம்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொன்னேன். "கரெக்ட் லா. அது குறைதான்" என்று ஒப்புக்கொண்டு மிச்சத்தையும் குடிப்பார். இரும்பில் குறை சொன்னால் உடனே அறுப்பார். உடம்பில் சொன்னால் சிரிப்பார். இரண்டும் ஒன்றுதான் என்று அவர் மண்டையில் ஏற்ற என்னால் முடியவில்லை.

ஒருநாள் போன் அவரிடமிருந்து வரவில்லை. அக்காவிடமிருந்து வந்தது. பாசாருக்கு வெளியே நிற்கிறேன், வா தம்பி என்றார். போனேன். கையில் காய்கறிப் பையோடு நின்றுகொண்டே சொன்னார். இனிப்புநீர் கண்ணைத் தின்றுவிட்டது. இடது கண் அநேகமாகப் போய்விட்டது. வலது கண்ணில் ஊசி போட வேண்டும், தொடர்ந்து வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள்.

"அவரு என்ன சொல்றாரு?"

"ஒரு கண்ணு போதும், வேலை ஓடுதுன்றாரு. தம்பி, அடுத்த மாசம் மக கல்யாணம். இப்ப நீ போயி வெல்டு சரியில்லன்னு சொன்னின்னு வையி, மனுசன் ஒடைஞ்சிருவாரு. பட்டறைய இழுத்து மூடிட்டு மூலையில உக்காந்துருவாரு. கல்யாண வீடு எழவு வீடாயிரும். ஒரே ஒரு மாசம் வாய மூடிக்க. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே நானே இழுத்துட்டுப் போறேன்."

"வெல்டு சரியில்லாட்டி ஆளு சாவான் அக்கா."

"அதுக்கு நீதான் ஏதாச்சும் வழி பண்ணணும்."

மூன்றாம் நாள் "இன்ஸ்பெக்டர், வா" என்று போன் வந்தது.

படுத்தேன். அவரும் பக்கத்தில் படுத்தார். ஸ்பிரிங் தாங்கியின் இடது ஓரத்தில் விரலை வைத்தேன். இரண்டு தகடும் சேருகிற கோட்டின் மேல் இருக்க வேண்டிய வெல்டு, ஒரு தீக்குச்சி அகலம் தள்ளி, வெறும் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அழகாக, சீராக, ஒரே அளவாக. ஆனால் எதையும் பிடிக்காமல். சரிவில் சுமையோடு ஒரு குழியில் இறங்கினால் முன் அச்சு தனியாகக் கழன்று போகும். கோட்டின் மேல் விரலை ஓட்டினேன். நகம் உள்ளே இறங்கியது.

"சொல்லு" என்றார். முகம் எனக்கு அரை அடி தூரத்தில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

முதலாளிகளை, போலீஸ்காரனை, என் சொந்த மாமனாரை முகத்துக்கு நேரே கேட்டவன் நான்.

"சரியா இருக்கு அண்ணே" என்றேன்.

"சும்மா சொல்லாத."

"சும்மா சொல்ற ஆளா நானு?"

அவர் சிரித்தார்.

வண்டி எடுக்க வந்தவனைச் சந்து முனையில் மறித்து விஷயத்தைச் சொன்னேன். பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாமுக்கு மெதுவாக ஓட்டச் சொல்லி, என் வண்டியில் பின்னாலேயே போனேன். அங்கே வெல்டிங் கடை வைத்திருந்த ஒரு சீனரை எனக்குத் தெரியும். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டார்: "யார் செஞ்சது? தகடு வெட்டுனது, வளைச்சது, எல்லாம் அருமை. வெல்டு மட்டும் குருடன் வச்ச மாதிரி இருக்கே." அவர் பல்லை உடைக்கலாம் போல இருந்தது. அவர் சொன்னதில் என்ன தப்பு? பழைய வெல்டை அரைத்தெடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். "இது அண்ணன் காதுல விழுந்துச்சுன்னா இந்த சீசன் உன் பழத்த நான் எறக்க மாட்டேன்" என்று வண்டிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டப வாசலில் நின்று, சாப்பிட்டு வெளியே வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து "என்ன குறை? சும்மா சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர்கள் நெளிந்தார்கள். ஒரு லாரி டிரைவர் மட்டும் "சாம்பார் ஆறிப்போச்சு, பாயாசத்துல முந்திரிய எண்ணிப் போட்டிருக்கீங்க" என்றார். இவர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மறுநாள் போனேன். அக்கா சொன்னபடி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தார். இவர் கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே கேட்டார்:

"கண்ணு கெட்டுப்போச்சுன்னா வெல்டு கெட்டுப்போவும். வெல்டு கெட்டுப்போனா இன்ஸ்பெக்டர் சொல்லுவான். சொன்னானா? நீயே கேளு."

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லவேண்டிய நேரம் அதுதான். ஒரே ஒரு வாக்கியம். கல்யாணமும் முடிந்துவிட்டது, சாக்கும் இல்லை. ஆனால் அதைச் சொன்னால் முந்தைய மாதம் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். பக்கத்தில் படுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்ன பொய். நான் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எனக்கு இது புரிய நாளானது. நானும் அக்காவும் அவர் மனசைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். என் பொய்தான் அவருக்கு டாக்டர் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. இன்ஸ்பெக்டர் குறை சொல்லவில்லை, அதனால் கண் நன்றாக இருக்கிறது. நான் ஒவ்வொரு தடவை "சரியா இருக்கு" என்று சொன்னபோதும் வலது கண்ணில் கொஞ்சம் போய்க்கொண்டிருந்தது.

ஒன்றரை வருஷத்தில் ஏழு வண்டிகள். ஆறை நான் பார்த்தேன். ஆறு தடவை படுத்தேன், ஆறு தடவை பொய் சொன்னேன், ஆறு தடவை பாலத்தைத் தாண்டினேன். ஒவ்வொரு தடவையும் இதோடு சொல்லிவிட வேண்டும் என்றுதான் சந்துக்குள் நுழைவேன். உள்ளே அவர் அட்டையை விரித்து வைத்திருப்பார். நான் போய்ப் படுத்துக்கொள்வேன். அக்காவைத் திட்டினேன். "உங்களாலதான் இந்தக் கேடு" என்று அடுப்படியில் வைத்தே கத்தினேன். "ஆமாப்பா, என்னாலதான்" என்றார். அதற்குமேல் எப்படித் திட்டுவது?

ஏழாவது வண்டி முடிந்தபோது நான் ஊரில் இல்லை. என் தங்கை வீட்டுக்காரர் அலோர் ஸ்டாரில் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பி வந்தால் பட்டறை காலியாக இருந்தது. "அவசரம்னான், குடுத்துட்டேன் லா" என்றார். தோட்டத்துக்காரனுக்குப் போன் போட்டேன். எட்டு ஆட்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறி இறங்குகிற வண்டி அது. மெர்தாஜாமுக்குக் கொண்டுபோ என்று கெஞ்சினேன். "நல்லா ஓடுது, எதுக்கு? ஒங்களுக்கு அவர் மேல பொறாமையா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டான். நேரில் போனேன். வண்டிக்கு அடியில் படுக்கவே விடவில்லை.

அந்த மாதத்திலேயே, நான் பொய் சொன்ன ஆறில் மூன்றாவது வண்டி ஸ்பிரிங் பட்டை உடைந்து பட்டறைக்குத் திரும்பி வந்தது. நானும் இருந்தேன். அவர் கீழே படுத்து, கழற்றவேண்டிய போல்ட்டைக் கையால் தேடிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எல்லாவற்றையும் கையாலேயே தேடினார். விரல் தாங்கியின் ஓரத்தில் போய் நின்றது. நின்ற விரல் மெதுவாக முன்னும் பின்னும் போனது.

"இது என் கை இல்லயே" என்றார்.

வண்டிக்காரன் என்னைப் பார்த்தான்.

"யாரு வச்சது?"

வண்டிக்காரனுக்குப் பயம். "இன்ஸ்பெக்டர் அண்ணன்தான் மெர்தாஜாமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

அவர் வெளியே வரவில்லை. அடியிலிருந்தே கேட்டார்.

"எவ்வளவு தள்ளி இருந்துச்சு?"

"தீக்குச்சி அகலம் அண்ணே."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கந்தான். எப்பவும்."

"எப்பவுமா? எத்தன காடி?"

"ஆறு."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குத் தெரிந்த வேலை. அவர் அங்கேயே படுத்திருந்தார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஸ்பிரிங்க அவன்கிட்டயே போயி மாத்திக்க தம்பி" என்று வண்டிக்காரனிடம் சொன்னார். வெளியே வந்தவர் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போவணும். கூட்டிட்டுப் போறியா?" என்றார்.

அன்றைக்குத் தேதி மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க மூன்று வாரம் ஆனது. நம்பர் சீட்டை வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தோம். நம்பர் மாறும்போதெல்லாம் "இப்ப எத்தன?" என்று கேட்டார். சுவரில் கை அகலத்துக்குச் சிவப்பில் எரிந்துகொண்டிருந்தது நம்பர்.

டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, வயசு, வியாதி, உணவுக் கட்டுப்பாடு என்று எங்கெங்கோ சுற்றிப் பேசினார்.

"டாக்டர், சுத்தாதீங்க. என்ன குறை, நேரா சொல்லுங்க" என்றார் இவர் மலாயில்.

அந்தப் பெண் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். இடது கண்ணில் செய்ய ஒன்றுமில்லை. வலது கண்ணில் ஊசி போடலாம், ஆனால் போனது திரும்பாது. ஒரு வருஷம் முந்தி வந்திருந்தால் நிறையக் காப்பாற்றியிருக்கலாம்.

இவர் தலையாட்டி, "தெரிமா காசே, டாக்டர்" என்றார். குறை சொன்னவர்களுக்கு நன்றி சொல்வது அவர் பழக்கம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது ஜெலுத்தோங் ரோட்டில் நெரிசல். என் பிக்கப்பில் முன்னால் உட்கார்ந்திருந்தார். மூன்று வாரமாக அந்த ஆறு வண்டிகளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவும் இல்லை. எனக்கு அது தாங்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. மனசில் கிடந்ததை மட்டும் சொன்னேன்.

"அண்ணே, அந்த ஏழாவது காடி. அத நான் பாக்கவே இல்ல. எட்டு ஆளு தெனமும் அதுல போறாங்க. ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா அவன் மெர்தாஜாமுக்குக் கொண்டு போவான்."

"வேணாம். அதுக்கு ஒண்ணும் ஆவாது."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு பக்கமும் சேசிஸத் தொளச்சு, உள்ள குழாய் குடுத்து, தாங்கிக்கு நாலு நாலு போல்ட்டு போட்டிருக்கேன். வெல்டு விட்டாலும் போல்ட்டு புடிச்சுக்கும்."

"மத்ததுக்கெல்லாம் அப்படிப் போடலயே அண்ணே?"

"அதெல்லாம் நீ பாத்தியே லா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. வேலையைப் பற்றி ஒருவன் கேட்டால் எப்படி விளக்குவாரோ அப்படிச் சொன்னார். விளக்கில் எங்கள் முன்னால் நின்றிருந்த வண்டிகள் நகர்ந்து போய்விட்டன. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். இன்னொருவனும் அடித்தான்.

"பச்ச விழுந்துருச்சா?" என்று கேட்டார் அவர், விளக்குக் கம்பத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு.

"விழுந்துருச்சு அண்ணே."

"அப்ப போ."